முகப்பை மாற்ற அனுமதி தாருங்கள்



நூற்றாண்டு நினைவாக நாம் எழுப்பவிருக்கும் மாடிக் கட்டடத்தின் முதற் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகப்பு முழுவதும் கண்ணாடி. பலர் பாராட்டினீர்கள். அதை வரைந்தவள் நான். இன்று அதை மீளப்பெற அனுமதி கேட்டு நிற்கிறேன்.

சென்ற ஐப்பசியில், நான் முன்னர் வரைந்த அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குக் காலையில் போனேன். கண்ணாடிச் சுவரடியில் ஓர் ஆறுமணிக்குருவி செத்துக் கிடந்தது. மாரி தொடங்கும் வேளை இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் பறவை அது. கடலைக் கடந்த பறவைக்கு என் சுவர் எமனாயிற்று. பறவைக்குக் கண்ணாடி தெரிவதில்லை. அதில் விழும் மரத்தின் விம்பமே தெரிகிறது. அதை நம்பிப் பறந்து மோதுகிறது. நமது புதிய முகப்புக்கு எதிரே நிற்பது, நாமெல்லாம் நிழலிலிருந்து சோறுண்ட அந்த வேம்பு.

அந்தக் கண்ணாடி பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. மேற்கு வெயில் உள்ளே புகுந்து வகுப்பறையை வேகவைக்கும்.

1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். ஜெஃப்ரி பாவா அதைத் தூண்களின்மேல் நிறுத்தினார். முகப்பிலே சட்டங்கள் அமைத்துக் கொடிகளைப் படரவிட்டார். உள்ளே இருப்பவருக்கு நிழல். குரங்குக்கும் குருவிக்கும் வழி.

கொடியென்றால் பாம்பும் நுளம்பும் வருமே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். நுளம்பு பெருகுவது தேங்கிய நீரில். ஆகவே சாடிகளும் தட்டுகளும் வேண்டாம்; கொடியை நிலத்திலேயே நடுவோம். சட்டத்தைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நுழைந்து துப்புரவு செய்யுமளவு தள்ளி வைப்போம். அடியில் பற்றை வளர விடோம்.

புதிய படத்தில் அகன்ற விறாந்தை இருக்கிறது. மேற்கே முல்லைக்கொடி. தாழ்வாரத்தின்கீழ், நம் வீடுகளில் தொங்கவிட்டதுபோல, சிட்டுக்குருவிக்கு மண்முட்டிகள். கண்ணாடி தவிர்க்க முடியாத இடங்களில், அதன் வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளிகள் இடுவோம். பறவை அவற்றைக் கண்டு விலகும். ஒரேயொரு பருந்துப் படத்தை ஒட்டிவிட்டால் போதாது.

இந்தப் படம் முன்னையதைப்போல் மின்னாது. ஆனாலும் இதில் படிக்கும் பிள்ளை வியர்க்காமல் படிப்பாள். தலை நிமிர்ந்தால் ஒரு குருவியைக் காண்பாள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு படங்களையும் உங்கள்முன் வைப்பேன். யோசித்து வாக்களியுங்கள்.