இல்லத் தொழிலும் இளங்குழந்தையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



வீட்டிலிருந்தே தொழில் செய்யும் தாய் தன் இளங்குழந்தையையும் உடன் பேணுவது எவ்வாறு என்பது பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணலாம். “இஃது அவரவர் வீட்டுக் காரியம் அன்றோ?” என்று கேட்கவும் கூடும். வீட்டுக் காரியந்தான், ஆயினும் அது ஊர்க் காரியமும் ஆகும். இதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, நகரங்களில் அலுவலகங்கள் மூடப்பட்டன. படித்த ஆண்களும் பெண்களும் வீட்டிலேயே கணினியின் முன் அமர்ந்து பணி செய்தனர். மடியில் ஏறும் குழந்தையையும் மேசைமேல் இருக்கும் வேலையையும் ஒருசேரக் கவனிப்பது எத்துணைக் கடினம் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. ஆனால், நம் கிராமத்துத் தாய்மார்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. நெல்லை, தென்காசி மாவட்டங்களிலும் வேலூர் வட்டாரத்திலும் பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் கோரைப்பாய் முடைவோர், குழித்தறியில் நெய்யும் குடும்பத்தினர், திண்ணையில் பூக்கட்டுவோர், தையல் இயந்திரம் மிதிப்போர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக இவ்விரு சுமைகளையும் ஒருங்கே சுமந்து வருகின்றனர். அறுவடைக்குப் பின் நிலக்கடலை உடைப்பதும், புளியிலிருந்து கொட்டை நீக்குவதும், மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவதும் உழவர் வீட்டுப் பெண்கள் இல்லத்திலேயே செய்யும் தொழில்கள்தாம்.

“வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இச்சொல்லின் பின்னே மறைந்திருக்கும் கணக்கைச் சற்று ஆராய்வோம்.

பீடித் தொழிலில் கூலி நாளுக்கு அன்று, எண்ணிக்கைக்கே தரப்படுகிறது. ஒரு தாய் 8 மணி நேரத்தில் 1,000 பீடி சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ இரண்டு பீடி ஆகிறது. குழந்தைக்குப் பாலூட்ட, துணி மாற்ற, சோறு ஊட்ட, அழுகையை அமர்த்த என்று நாளில் ஆறு முறை பத்துப் பத்து நிமிடம் எழுந்திருந்தால் ஒரு மணி நேரம் போயிற்று. 125 பீடிகளின் கூலியும் அதனுடன் போயிற்று. அந்தக் கூலியை ஈடுசெய்ய அவர் இரவில் விளக்கடியில் அமர வேண்டும். இல்லையேல் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழாமல் இருக்க வேண்டும். முன்னதில் தாயின் உடல் கெடுகிறது. பின்னதில் குழந்தைக்குக் கேடு நேர்கிறது. ஆகவே, வீட்டில் இருப்பதும் குழந்தையைக் கவனிப்பதும் ஒன்றல்ல. கையும் கண்ணும் தொழிலில் இருக்கும்போது, அருகில் இருக்கும் குழந்தையும் தனித்திருக்கும் குழந்தையே ஆகும்.

தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இவ்வகையில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1976-இல் அவ்வெண் 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்திற்கு இடம் தந்தன. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 50 பேர் பணிபுரியும் நிறுவனத்தையே அளவாகக் கொண்டுள்ளன. இவை யாவும் ஒரே கூரையின்கீழ்ப் பலர் கூடி வேலை செய்யும் இடத்தை நோக்கி எழுந்தவை. ஒரு தெருவில் 50 வீடுகளில் 50 பெண்கள் ஒரே கடைக்காகப் பீடி சுற்றினாலும், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இருப்பதால் அத்தெருவுக்குக் காப்பகம் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை யார் நிரப்புவது? தெருவை நன்கு அறிந்த ஊராட்சியே நிரப்ப இயலும்.

ஊராட்சி செய்ய வேண்டியதைக் கூறுமுன், வீட்டளவில் செய்யத்தக்க சில பாதுகாப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தொழில் செய்யும் இடமும் குழந்தை இருக்கும் இடமும் வேறாக இருத்தல் வேண்டும். தனியறை இல்லாத வீட்டில், தாயின் கண்ணுக்கு நேரே, வேலைப் பொருள்கள் கைக்கெட்டாத தொலைவில் குழந்தைக்கு ஓர் இடம் ஒதுக்கலாம். புகையிலைத் தூளில் உள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு, சிறிதளவு உள்ளே சென்றாலும் குழந்தைக்குப் பெருங்கேடு செய்யும். தூளையும் சுற்றிய பீடியையும் மூடியிட்டு உயரத்தில் வையுங்கள். அவை இருக்கும் அறையில் குழந்தையை உறங்க வைக்காதீர்கள். பாலூட்டுமுன் சோப்பு நீரால் கையைக் கழுவி, வேலைத் துணியை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை புகையிலையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், வாயைத் துடைத்துவிட்டு உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, உழவர் வீடுகளுக்கு உரியது. நிலக்கடலைப் பருப்பும் புளியங்கொட்டையும் இளங்குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கும் அளவுள்ளவை. அவற்றைக் குவித்து வேலை செய்யும் முற்றத்தில் தவழும் குழந்தையை விடலாகாது. தொண்டையில் ஏதேனும் சிக்கினால், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவுவது அதை மேலும் உள்ளே தள்ளும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின், தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுதல் முதலுதவி. இதனை ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் செய்துகாட்ட, ஊர்ப் பெண்கள் கற்றுக்கொள்ளல் நன்று. பூச்சிக்கொல்லி மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். பீடி இலை நனைக்கும் பாத்திரமாயினும், மாட்டுத் தொட்டியாயினும், சில அங்குல நீரே ஒரு குழந்தையின் உயிரைக் கொண்டுபோகப் போதுமானது. நீர்ப்பாத்திரங்களை மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். குழித்தறியின் குழியையும், ஆள் இல்லாத வேளையில் பலகையிட்டு மூடுதல் வேண்டும்.

நான்காவது, கைப்பேசி. குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று அதன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. குழந்தை மொழியைக் கற்பது, பேசினால் மறுமொழி தரும் மனித முகத்திடமிருந்துதான். வேலை செய்துகொண்டே கதை சொல்லலாம், பெயர் சொல்லிப் பொருள்களைக் காட்டலாம். ஒரு மரக்கரண்டியும் இரண்டு கிண்ணங்களும் போதும். குழந்தை மகிழ்ந்து விளையாடும்.

இவ்வளவும் செய்தாலும் தாயின் இரு கைகள் நான்காகிவிடமாட்டா. இன்னொருவர் கை தேவைப்படுகிறது. பல வீடுகளில் அந்தக் கை மூத்த பெண்ணுடையதாக இருக்கிறது. எட்டு வயதுச் சிறுமி தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகாமல் நிற்கிறாள். 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி பெறும் உரிமையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது. ஒரு குழந்தையைக் காக்க மற்றொரு குழந்தையின் எதிர்காலத்தைச் செலவிடுதல் நியாயம் ஆகாது. அதற்கு மாறாக, காலையில் இரண்டு மணி நேரமேனும் தந்தை குழந்தையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளட்டும். இலையைக் கத்தரித்தல், தறியில் இழை கோத்தல் போன்ற கண்ணூன்றும் வேலைகளைத் தாய் அந்நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்குவதால் எந்த ஆண்மகனுக்கும் மதிப்புக் குறைந்ததில்லை.

இனி ஊராட்சியின் பங்கைக் கூறுகிறேன். நம் அண்டை நாடாகிய வங்காளதேசத்தின் கிராமங்களில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் குளத்திலும் குட்டையிலும் விழுந்து இறப்பது பெருந்துயராக இருந்தது. ஆராய்ந்தபோது, தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையிலேயே அவ்விபத்துகள் மிகுதியாக நேர்வது தெரியவந்தது. ஆகவே, ஊரிலேயே ஒரு பெண்ணின் வீட்டில், காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளும் எளிய ஏற்பாட்டைச் செய்தனர். அங்குச் சேர்ந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்தது. பெரிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஆபத்தான நான்கு மணி நேரத்திற்கு ஒரு பொறுப்பான கண் கிடைத்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1969-இல் டில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணிலும் புழுதியிலும் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார், அங்கேயே நடமாடும் காப்பகத்தைத் தொடங்கினார். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும், பணியிடத்திற்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்குள்ள பெண்களில் ஒருவரையே கூலியுடன் அமர்த்த வேண்டும் என்று வகை செய்யப்பட்டது. குழந்தை பேணுதலும் கூலி பெறத்தக்க ஒரு வேலையே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் சிறப்பு.

இந்த முறையை நம் தெருவுக்கும் பொருத்திப் பார்ப்போம். இல்லத் தொழில் செய்யும் தாய்மார் பத்துப் பேர் ஒன்று சேரட்டும். வாரத்தில் ஐந்து நாள், முற்பகல் நான்கு மணி நேரம், நாளுக்கு இருவர் வீதம் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தாயும் வாரத்தில் 4 மணி நேரம் கொடுக்கிறார். 16 மணி நேரம் கவலையற்ற வேலைப்பொழுதைப் பெறுகிறார். நாம் முன்பு கண்ட கணக்கின்படி 16 மணி நேரம் என்பது 2,000 பீடி சுற்றும் நேரம். ஒருவர் மட்டும் இல்லாமல் இருவராக இருப்பது, ஒரு குழந்தைக்கு ஏதேனும் நேரிட்டால் மற்றக் குழந்தைகள் தனித்து விடப்படாமல் இருப்பதற்காக. பால்குடி மறவாத கைக்குழந்தைகள் மிகுதியாயின் இன்னும் ஒருவர் தேவைப்படுவார்.

இதற்கு ஊராட்சி செய்ய வேண்டியவை ஐந்து. தெருவாரியாக, வீட்டிலிருந்து தொழில் செய்யும் தாய்மார் எத்தனை பேர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தல் முதற்பணி. ஊராட்சிக்குரிய கட்டடத்தில் கதவும் சுற்றுவேலியும், குடிநீரும் கழிப்பிடமும் உடைய ஓர் அறையை முற்பகலில் ஒதுக்குதல் இரண்டாவது. குழந்தைகளின் பெயர்ப் பதிவேடும், யார் கொண்டுவந்து விட்டார், யார் அழைத்துச் சென்றார் என்ற குறிப்பும் வைக்கச் செய்தல் மூன்றாவது. இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளை ஊரிலுள்ள அங்கன்வாடிக் குழந்தைகள் மையத்தில் தவறாது சேர்ப்பித்தல் நான்காவது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இன்று நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஐந்தாவது, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைத்துத் தருமாறு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் விண்ணப்பித்தல். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென ‘பால்னா’ என்னும் காப்பகத் திட்டம் 2022-இல் மத்திய அரசால் வகுக்கப்பட்டுள்ளது. தேவையைக் கணக்குடன் எழுதிக் கேட்கும் ஊருக்கே முதலில் செவிசாய்ப்பர்.

1956-இல் பெருந்தலைவர் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோது, ஊர்மக்களும் தானியமும் பொருளும் கொடுத்துத் துணைநின்றனர். பிறர் பிள்ளைக்குச் சோறிடுவது ஊரின் கடமை என்று அன்று ஏற்றுக்கொண்டோம். தாய் உழைக்கும் வேளையில் அவள் பிள்ளையைக் காப்பதும் அத்தகைய கடமையே. அடுத்த கிராம சபை கூடும்போது, குடிநீருக்கும் சாலைக்கும் அடுத்த வரியில் இதனையும் பொருள்நிரலில் எழுதுங்கள். கணக்கெடுப்பை நாளையே தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், தெருவுக்கு ஓர் உறுப்பினரும் போதும்.