திருமுழுக்கும் கல்லறைச் சுவரும்



‘இன்றைய சூழலில் கிறிஸ்தவ வாழ்வு’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். செல்பேசி, நுகர்வு வெறி, திருப்பலிக்கு இளைஞர் வருகை குறைவது என்று பலவற்றைப் பேசலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவனின் விசுவாசம் மெய்யா என்பது சாதியிடத்தில்தான் தெரிகிறது. அங்கே தோற்றுவிட்டு வேறெங்கு வென்றும் பயனில்லை.

வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசில் பணியாற்றியவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது அத்தனை சினம் ஏன்? ஆண்டவரை ஏற்றதோடு அவர் நிற்கவில்லை; எல்லா மனிதரும் சமம் என்று வற்புறுத்தினார், தம் குலத்தின் எல்லையைத் தாண்டி எளியவரோடு பழகினார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் விடப்பட்டது. அப்படி விட வேண்டும் என்று முன்பே கோரிக்கை வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அந்த ஊரிலேயே, ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, 1870களில் ஒரு கோயில் எழுந்தது. பீடம் ஒன்று. மக்கள் நிற்கும் இடமோ கால்சட்டையின் இரு கால்கள்போல இரண்டாகப் பிரிந்தது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், நடுவே சுவர். ஒரே அப்பத்தைச் சுவரின் இரு பக்கமும் நின்று வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்தது தவறு என்று வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்களே! வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்ப எழவில்லை. மறைசாட்சியின் ஊரிலேயே இது நடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வடக்கன்குளத்தாரை மட்டும் குறைசொல்ல நான் வரவில்லை. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையில் எதிர்த்து நின்றவர்களில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பக்தியில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை. அவ்வளவு பெரிய பக்திக்கும் அந்த ஓர் இடத்தில் கண் திறக்கவில்லை என்றால், நம்மை நாமே எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்!

இன்று சுவர் வேறு இடங்களில் நிற்கிறது. சில பங்குகளில் கல்லறைத் தோட்டமே இரண்டு. தேர் சில தெருக்களுக்குள் நுழைவதில்லை. மணமகன் தேவை என்ற விளம்பரத்தில் சபையின் பெயருக்கு அடுத்து சாதியின் பெயர். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒரு வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே வெயிலில், அதே தொழில் செய்த சூசைக்கு மட்டும் கிறிஸ்தவர் என்பதால் இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திருத்தப்படவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் தள்ளுபடி. மதம் மாறிய பின்னும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். சான்று நம் கல்லறைகளில் சுவராக நின்றுகொண்டிருந்தது. நாம் எடுத்துக்கொடுக்கவில்லை. திருச்சபைக்குள் சாதி இல்லை என்று வெளியே சொல்லி, உள்ளே அதைக் காத்தோம். அந்தப் பொய்யின் விலையை ஏழைத் தொழிலாளி கொடுத்தார். அரசிடம் இந்த உரிமையைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும்.

செபம் வேண்டாம், சமூக நீதி போதும் என்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய மடலின் மூன்றாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். குல வேற்றுமையும் அடிமை வேற்றுமையும் விழுவதை அவர் திருமுழுக்கோடு சேர்த்தே பேசுகிறார். அதனால் எனக்கு இது சமூக சேவை என்னும் தனிக் கிளை அல்ல. நெற்றியில் தண்ணீர் வார்த்த அன்றே நாம் கொடுத்த வாக்கு.

இளைஞர்களே, உங்கள் திருமணப் பேச்சில் சாதி கேட்கப்படும்போது வாய் திறந்து மறுத்துப் பேசுங்கள். பெரியோர்களே, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இரண்டு கல்லறைத் தோட்டம் உள்ள பங்கில் நீங்கள் இருந்தால், அந்த நாளுக்கு முன் பங்குப் பேரவையைக் கூட்டுங்கள். இனி யார் இறந்தாலும் ஒரே தோட்டத்தில், இறந்த வரிசைப்படி, அடுத்தடுத்த குழியில் அடக்கம் என்று தீர்மானம் எழுதுங்கள். அதில் முதல் கையெழுத்து, இதுவரை சுவரைக் காத்த குடும்பங்களுடையதாக இருக்கட்டும்.