பகுத்தலும் பகைத்தலும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஒரு சிறு சொல்லைப் பற்றியே பேச விரும்புகிறேன். ‘பகு’ என்பது அச்சொல். பகிர்வு, பகுதி, பகுத்தறிவு யாவும் அதன் மக்கள். பகை என்பதும் அதே வயிற்றிற் பிறந்ததுதான். ஒரு தாய்க்கு அன்பும் பிணக்கும் பிள்ளைகளானது எங்ஙனம்?

நம் மன்னார்க் கரையே இதற்கு விடை கூறும். சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே முன்னாளில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் நடந்தது மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், எடுத்த சிப்பியை மூன்று கூறாக்குவர். இரண்டு அரசுக்கு; ஒன்று குளித்தவர்க்கு. ‘கொட்டு’ என்னும் அடைப்பினுள் குவியல்களைப் பிரிப்பவர் குளித்தவரே. அவர்க்குரிய குவியலைக் காட்டுபவரோ அரசு அலுவலர். தனக்கு எது வருமென்று அறியாதவன் ஒன்றைப் பெருக்கி மற்றொன்றைச் சுருக்குவானா? மாட்டான். அரசு இரண்டு கூறு கொண்டது நீதியா என்பது வேறு வழக்கு. பிரித்த முறையிலே ஒரு நேர்மை இருந்தது.

நிற்க. நம் வீடுகளுக்கு வருவோம். தந்தையார் காணியைப் பிரிக்கும்போது வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுகிறோம். அந்த ஒரு முழத்தில் பனை முளைப்பதில்லை, பகைதான் முளைக்கிறது. கூறு போடுபவனே தன் கூற்றையும் தெரிந்துகொண்டால், பகிர்வு பகையாகிவிடும்.

பிரிப்பது ஒன்றே இச்சொற்களின் வேலையன்று. நம் கத்தோலிக்க அயலவர் ‘எங்கள் பங்கு’ என்றால், ஒரு குருவானவரின் பொறுப்பிலே கூடி வாழும் சமூகத்தைக் குறிப்பர். திருக்கேதீச்சரத்திலே நாம் தொழும் பெருமானுக்கு மாதொருபாகன் என்றும் பெயருண்டு. அங்கே பாகம் என்பது பிரிந்து போவதற்கன்று, இணைந்து நிற்பதற்கு.

ஆதலின் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். காணி பிரிக்கும் நாளில் மூத்தவர் எல்லையிடட்டும். இளையவர் முதலில் தமது பங்கைத் தெரியட்டும். இளைஞர்களே! மன்றத்தின் வேலைகளைப் பகுக்கும்போது, மிகப் பாரமான கூறு நமக்கே வரலாம் என்றெண்ணிப் பகுப்போம். அப்போது ‘பகு’ என்னும் தாய்க்கு நாம் பகைவராகாமல், நல்ல பங்காளராவோம்.