வந்து போகிறவர்களும் தங்குகிறவர்களும்
(காஞ்சிபுரத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வெளிநாட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் மூன்று மாதம் இவ்வூரில் தங்கி, விடுதிப் பிள்ளைகளோடு விளையாடினார், பாட்டுக் கற்றுக்கொடுத்தார். அவர் ஊர் திரும்பிய பின்பு, அவர்களில் ஒரு சிறுமி காய்ச்சலாய் நம் வார்டில் படுத்திருந்தாள். "ஐயா, அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்தார். 1901-இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் தேடினாள். அவளுக்கும், பின்பு டோனாவூரில் வளர்ந்த அநேகம் பிள்ளைகளுக்கும் அவர் அம்மா ஆனார். 1951-இல் மரிக்குமட்டும் தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பவில்லை.

நம் ஊர்த் தறியைப் பாருங்கள். ஊடை போய் வரும்; பாவு இருந்த இடத்தில் இருந்து தாங்கும். பாவு இல்லாமல் புடவை ஏது?

எல்லாராலும் அப்படித் தங்க முடியாது. மாணவர்கள் வரட்டும். ஆனால் போகும் நாளை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லட்டும். போனபின் கடிதம் எழுதட்டும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் குடும்பமே முதலிடம், விடுதி கடைசி வழி என்கிறது. ஆகவே பேரப்பிள்ளையை வளர்க்கும் ஏழைப் பாட்டிமாரையும் உங்கள் காணிக்கையில் நினையுங்கள்.

அன்று அச்சிறுமிக்குக் கஞ்சி ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தது விடுதி ஆயா. அவர்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.