புள்ளியை எண்ணிப் பொறிவண்டை அறியலாமா?



நுவரெலியாவிலும் ஹட்டனிலும் லயத்துப் பின்புறங்களில் உருளைக்கிழங்கும் கத்தரியும் பயிரிட்டோர் ஒரு வண்டை நன்கறிவர். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் வலைபோல் விட்டுச்செல்வது அது. அதனை நசுக்கும் கை, பக்கத்திலே அழுக்கணவனைத் தின்று பயிரைக் காக்கும் வண்டையும் சேர்த்தே நசுக்கிவிடுகிறது. இரண்டும் பொறிவண்டுகளே, இரண்டுக்கும் புள்ளிகள் உண்டு.

புள்ளியை விட்டு முதுகைப் பாருங்கள். இலைதின்னியின் முதுகில் மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாயிருக்கும். காவல் வண்டின் முதுகோ மெழுகிட்டாற்போல் மின்னும். இலைதின்னியின் புழு மஞ்சளாய், கிளைத்த முட்களோடிருக்கும். காவல் வண்டின் புழு கறுத்து நீண்டு குட்டி முதலையை ஒக்கும். அந்தோ, அவலட்சணமான இந்த நண்பனைத்தான் நாம் முதலிற் கொல்கிறோம்!

அறிஞரையும் புள்ளிகள் ஏய்த்ததுண்டு. 'ஆறு புள்ளி' என்று லத்தீனில் பெயர் பெற்ற வண்டொன்றின் முதுகிற் பெரும்பாலும் காண்பது நெளிகோடுகளே! ஆசியாவின் பெரும் பொறிவண்டு ஒன்றுக்கு 1781இல் துன்பேர்க் என்னும் சுவீடிய அறிஞர் 'பெரியது' எனப் பொருள்படும் 'கிராண்டிஸ்' என்ற பெயரிட்டார். ஒரு சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட உடல், செம்மஞ்சள் நிறம், கரும்புள்ளிகள். இன்று அது சினோனிக்கா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அளவிலும் நிறத்திலும் அதற்கு உடன்பிறப்புப்போல் தோன்றும் மெகலோகாரியாவோ வேறு பேரினம். இரண்டும் மூங்கிலின் பஞ்சு அசுவினியைத் தின்பவை. ஆயினும் ஒரே சட்டை அணிந்தோரெல்லாம் ஒரு வீட்டாராகார்.

உறவை உறுதிசெய்வது உறுப்புகளின் அமைப்பே. 1850இல் லியோன் நகரத்து முல்சான், வாயருகே உள்ள உணர்விழையின் கோடரி வடிவத்தையும் பாதத்தின் மூன்று கணுக்களையும் கொண்டு பொறிவண்டுகளைத் தொகுத்தார். உண்மையிற் கணுக்கள் நான்கு. மூன்றாவது மிகச் சிறியதாய் ஒளிந்திருக்கிறது. பின்வந்தோர் தாடைப் பற்களையும் ஆணின் இனவுறுப்பையும் நுண்ணோக்கியின் கீழ் ஒப்பிட்டனர்.

இத்தகைய பொறுமைக்கு நம் மலைநாடும் புதிதன்று. பூண்டுலோயாவில் தோட்டத்துரையாயிருந்த ஏர்னெஸ்ட் கிறீன், கோப்பியை வாட்டிய பச்சைச் செதிற்பூச்சியை 1889இல் விவரித்துப் பெயரிட்டார். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவரது பெருநூல் 1896 முதற் பகுதி பகுதியாக வெளிவந்தது.

நமக்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. வண்டை உள்ளங்கையில் ஏந்தி வெயிலிற் சற்றே சாய்த்துப் பாருங்கள். மயிரா, மினுக்கமா என்பது தெரியும். கால் மூட்டுகளில் மஞ்சள் நீர் கசிந்து விரலிற் கறைபடலாம். பகைவரை விரட்ட அது கையாளும் உபாயம் அது. அஞ்சி உதறிவிடாமல், எடுத்த செடியிலேயே விட்டுவிடுங்கள்.