காற்றாடிக்கு ஒரு சாய்கம்பம்

(இளைஞர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, இறகைப் பற்றியோ காந்தத்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லையென்று முன்னரே சொல்லிவைத்தேன். அவற்றுக்கு நூல்கள் உண்டு. இளைஞர்களுக்கு ஆவலும் உண்டு. மரத்தைச் செதுக்கி இறகு செய்வதும், செப்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்வதும் கைக்கு இன்பமான வேலைகள். எல்லாம் முடிந்த பின்னரே, "இதை எதன்மேல் ஏற்றுவது?" என்ற கேள்வி பிறக்கின்றது. அதை முதலிற் கேட்கவேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்துவிட்ட காலத்தில் இஃது எதற்கு என்று பெரியோர்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்ததை நாம் மறக்கவில்லை. சூரியத் தகடு இன்று மலிவு, நிறுவுதலும் இலகு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவிலும் மாரி மூட்டத்திலும் தகடு உறங்கும்போது காற்று உறங்குவதில்லை. மன்னாரில் 2020 முதல் நிற்கும் 30 பெருங் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு நம் நாட்டுக் காற்றின் வலிமையைச் சொல்லவேண்டியதில்லை. நாம் பேசுவது அவற்றின் கொள்ளுப் பேரனை. ஆறடி விட்டத்தில் சுழன்று, ஒரு பற்றறியை நிறைத்து, சில விளக்குகளை எரிக்கும் சிறு பொறியை.

நிலத்தோடு ஒட்டி ஓடும் காற்று வேலியிலும் கூரையிலும் மோதித் தளர்ந்து சுழல்கின்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சுற்றிலும் 300 அடிக்குள் நிற்கும் எதனிலும் 30 அடியாவது மேலே இறகு சுழலவேண்டும் என்பது இத்தொழிலில் அனுபவமுள்ளோர் கணக்கு. பனங்கூடல் சூழ்ந்த வளவில் இக்கணக்குச் சரிவராது. பனைக்கு மேலே கம்பம் எழுப்புவார் யார்? கடற்கரையும் வயல்வெளியும் தரவையுமே நமக்கு உகந்தவை.

உயரம் வேண்டுமென்றால் ஏறவும் வேண்டுமோ? இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் கசுங்கு மாவட்டத்தில், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது நின்றுபோன வில்லியம் கம்குவம்பா என்ற சிறுவன், நூலகத்துப் புத்தகமொன்றைப் பார்த்துப் பழைய சைக்கிள் உறுப்புக்களாலும் டைனமோவாலும் ஒரு காற்றாடி செய்தான். 2002இல் அது ஒளி தந்தது; உலகம் வியந்தது. அக்காற்றாடி நின்றது நிலையாக நட்ட மரக் கம்பங்களின்மேல். அதில் வேலை செய்ய அவன் ஏறியாகவேண்டும். அவன் துணிவை நான் போற்றுகின்றேன். ஆயினும் அந்தக் கம்பத்தை நீங்கள் பின்பற்றலாகாது. வீட்டிற் செய்த பொறியில் ஆணி தளரும், வயர் முறுக்கேறும், இறகின் விளிம்பு தேயும். ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது கை வைக்கவேண்டும். தென்னை ஏறத் தெரிந்தவன் இதிலும் ஏறிவிடலாமென்று எண்ணுவான். தென்னையின் உச்சியில் சுழலும் கத்தி இல்லை என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள். பொறியிடம் நாம் போகாமல், பொறியை நம்மிடம் இறக்கிக்கொள்வதே வழி.

அதற்கான வித்தையை நம் பாட்டனார் அறிவர். தோட்டத்துக் கிணற்றடியில் ஆடுகாலின்மேல் அச்சிட்டுத் துலாவை ஏற்றியிறக்கியது மறந்துபோகவில்லை அல்லவா? அந்த அச்சை நிலமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 30 அடி நீளமான இரண்டு அங்குல இரும்புக் குழாயின் அடியை அந்த அச்சிற் கோருங்கள். குழாய் நிலத்திற் கிடக்க, அதன் அடியிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி இன்னொரு 15 அடிக் குழாயைப் பொருத்துங்கள். இதைத் தூக்குமரம் என்போம். தூக்குமரத்தின் நுனியிலிருந்து கம்பத்தின் தலைக்கு ஒரு கம்பி. அதே நுனியிலிருந்து 15 அடி தூரத்திலுள்ள முளைக்கு இழுகயிறு. கயிற்றை இழுக்கத் தூக்குமரம் சாயும், கம்பம் நிமிரும். முழுதும் நிமிர்ந்ததும் தூக்குமரம் நிலத்தோடு படிந்து, நுனி முளையண்டை வந்து சேரும்.

தூக்குமரத்தின் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டவேண்டாம். தலையிலுள்ள பொறி 25 கிலோ, குழாய் 45 கிலோ என்று கொள்வோம். 15 அடித் தூக்குமரமாயின் தொடக்கத்தில் கயிற்றின்மேல் விழும் இழுவை ஏறக்குறைய 135 கிலோ. அதைப் பாதியாக வெட்டினால் 210 கிலோவுக்கு மேல். தூக்குமரமே இல்லையென்றால், கிடக்கும் கம்பத்தை அதன் போக்கிலேயே இழுப்பதாகும். பத்துப் பேர் இழுத்தாலும் எழாது. பெரும் பாரம் முதல் அடியில்தான். நிமிர நிமிரக் குறைந்து, இறுதியில் பாரமே இல்லாமற் போய்விடும். அப்பொழுது தூக்குமரத்தின் எடையே கம்பத்தை மறுபக்கம் சாய்க்கப் பார்க்கும். ஆகையால் கம்பம் கிடந்த பக்கத்து முளையிலிருந்து ஒரு பின்கம்பி, சரியான நீளத்தில் முன்னரே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இடம் வலமாக நிற்கும் இரண்டு முளைகளையும் அவசரத்தில் அடித்துவிடாதீர்கள். அச்சு கிடக்கும் நேர்கோட்டிலேயே, அச்சின் மட்டத்திலேயே, அவை நிற்கவேண்டும். அப்படியானால்தான் கம்பம் படுத்திருக்கும்போதும் நிமிரும்போதும் பக்கக் கம்பிகள் ஒரே இறுக்கத்தில் இருக்கும். சற்று விலகினாலும் பாதி வழியில் ஒன்று தளரும் அல்லது அளவுக்கு மீறி இறுகும், குழாய் வளைந்துவிடும். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஒரு நாளை இதற்கே செலவிடுங்கள். தூக்குமரத்தின் நுனியும் பக்கவாட்டிற் சாயாதபடி அதே முளைகளுக்கு இரு கயிறுகள் போகவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவர். முளையாவது, மண்ணுக்குத் தக்கபடி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மேலேயே கிடக்கும் இடத்திற் பாறையைத் துளைத்துச் சீமெந்து இடலாம். கரையோர மணலில் வெறும் இரும்பு முளை நில்லாது. நாலடி ஆழத்திற் சீமெந்துக் கட்டையைப் புதைத்து, அதிலிருந்து கம்பி எடுக்கவேண்டும்.

இனி, தூக்கும் நாள். சோழகம் வீசும் மாதங்களை விடுத்து, பங்குனி சித்திரையில் ஒரு விடியற்காலையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல்முறை பொறியில்லாத வெறுங் குழாயையே தூக்கி இறக்குங்கள். இந்த ஒத்திகையில் கம்பிகளின் குறை நிறை எல்லாம் வெளிப்படும். பொறியை ஏற்றிய பின், சுருளிலிருந்து வரும் மூன்று வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் இறகு சுழலாது அடங்கி நிற்கும். இழுப்பதற்குக் கைவின்ச்சோ கப்பித் தொடரோ போதும். உழவு இயந்திரத்திற் கட்டி இழுக்கலாமென்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருக்கு நன்றி கூறி மறுத்துவிடுங்கள். கம்பி எங்கேனும் சிக்கினால் கைக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. கட்டளை ஒரே குரலில் வரவேண்டும். கம்பத்தின் நீளத்துக்கும் கூடிய தூரத்திற் சிறுவர்களை நிறுத்துங்கள். அந்தத் தூரத்துக்குள் மின்கம்பி எதுவும் ஓடுமானால், அந்த இடத்தையே கைவிடுங்கள்.

இவ்வளவு சிரமம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 1964 டிசம்பரில் மன்னாரைத் தாக்கிய புயலையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலையும் நினைவூட்டுகின்றேன். நிலையாக நட்ட கம்பத்தின் சொந்தக்காரர் அப்படியான இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாய்கம்பம் உடையவர் வானொலியில் எச்சரிக்கை கேட்டதும் இரண்டு பேரைக் கூப்பிடுவார். பின்கம்பியை மெல்ல இழுத்து, வின்ச்சைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பொழுதுபடுமுன் கம்பத்தை இரண்டு கவைக்கால்களின்மேற் படுக்கவைத்து, இறகுகளைக் கயிற்றாற் கட்டிவிட்டு வீட்டுக்குள் வருவார்.