பகுதி உதவிப் பள்ளிகளும் நாமும்

 

கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆசிரியன் அல்லன். பாலிடெக்னிக்கில் மின்சாரத் துறை படித்துவிட்டு ஹார்ட்வேர் கடை நடத்துபவன். ஆகவே என் கடைவாசலுக்கு வந்து நிற்கும் கல்விப் பிரச்சினையையே சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி வாரியத்தினர் சிலர் கூரைத் தகரம், ஒயர், கழிவறைக் குழாய் விலை கேட்டு வருவார்கள். குறித்துக்கொண்டு போவார்கள். பலர் திரும்பி வருவதில்லை.

அரசாங்கப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளிக்கு ஏன் இந்த நிலை? காரணம் நிலம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நிர்வாகமும் தன் நிலத்தில் ஒரு கொட்டகை போட்டது. 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. அதன்பின் இப்பள்ளிகள் தேசிய வகைப் பள்ளிகளாயின. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. நிலம் மட்டும் பழையபடி தோட்டத்தின் பெயரிலேயே இருந்தது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்திலுள்ள கட்டடத்துக்கு அரசு தாராளமாகச் செலவு செய்வதில்லை. முழு உதவி, பகுதி உதவி என்ற பிரிவு இப்படித்தான் நிலைத்தது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவிப் பள்ளிகளே. பிள்ளை ஏழையா என்று யாரும் பார்ப்பதில்லை. பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லா மாணவருக்கும் கிடைக்கிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பசியாறக் கொடுக்கிறார்கள். ஆனால் கூரை ஒழுகினால் இலவசப் புத்தகமும் நனையத்தானே செய்யும்?

தேர்தல் காலத்தில் ஆளுயரக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வியாபாரி என்ற முறையில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நம் பேரா மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கென 2,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியதே, அதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. செம்பனை வருமானம் ஆண்டுதோறும் வரும். ஒவ்வொரு தடவையும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

"நம் பிள்ளைகள் பலர் தேசியப் பள்ளிக்குத்தானே போகிறார்கள், நமக்கென்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தோட்டத்துக் கடைகளை நடத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு. பால்மரம் வெட்டியவர்களின் சம்பளம்தான் அந்தக் கல்லாப்பெட்டிகளை நிரப்பியது. அந்தப் பெரியவர் தமிழ் எழுதப் படித்ததும் ஒரு தோட்டப் பள்ளியில்தான்.

செயலவைக்கு ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாச் செலவில் பாதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு பகுதி உதவிப் பள்ளியின் பழைய ஒயரிங்கை மாற்றித் தருவோம். உரிமம் பெற்ற ஒயர்மேன் கையெழுத்திட்டால்தான் அந்த வேலை செல்லும். அதற்கு ஆளை நான் கொண்டுவருகிறேன். சாமான்களை வாங்கிய விலைக்கே என் கடை தரும். எந்தப் பள்ளியில் தொடங்குவது என்பதை இம்மாதச் செயலவைக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.